திருநங்கைக் கைதியை எந்தச் சிறையில் வைப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "இங்கிலாந்தில் ஒரு திருநங்கைக் கைதியைப் பெண்கள் சிறையில் வைத்தார்கள், அவர் அங்கிருந்த பெண்களையே தாக்கிவிட்டார் என்று படித்தேன். ஆண்கள் சிறையில் வைத்தால் திருநங்கைகளுக்கே ஆபத்து என்கிறார்கள். அப்படியென்றால் எங்கேதான் வைப்பது? நம் நாட்டில் என்ன வழக்கம்? பேசாமல் தனிச்சிறை கட்டிவிட்டால் தீர்ந்துவிடாதா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் "தனியாக வைத்துவிடலாமே" என்பதில்தான் வந்து நிற்கும். சட்ட உதவி வழக்குகளுக்காகச் சிறைக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். ஆண்கள் 5,49,351. பெண்கள் 23,772. மீதி 97 பேர் திருநர், அதாவது திருநங்கைகளும் திருநம்பிகளும் (பிறப்பில் பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்பவர்கள்). சிறைகளின் எண்ணிக்கையோ 1,330. ஏறக்குறைய பதினான்கு சிறைக்கு ஒருவர் என்றுதான் கணக்கு வரும். இந்த 97-ஐ அப்படியே நம்பச் சொல்லவில்லை. சிறைக்கு அனுப்பும் நீதிமன்ற வாரண்டில் 'ஆண்' என்று எழுதி உள்ளே அனுப்பப்பட்டவர் ஆண் கணக்கில்தான் சேர்வார். 2020-க்கு முந்தைய அறிக்கைகளில் ஆண், பெண் தவிர மூன்றாவது கட்டமே கிடையாது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பொதுநல மனு போன பிறகுதான் அது வந்தது. முதல் ஆண்டில் 70, அடுத்த ஆண்டில் 91, அப்புறம் 97. உண்மையான எண்ணிக்கை இதைப்போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் நான் சொல்ல வருவது மாறாது.

மாநிலத்துக்கு ஒரு தனிச்சிறை கட்டுகிறோம் என்று வையுங்கள். ராமநாதபுரத்தில் கைதானவரைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். வாய்தாவுக்கு அழைத்து வர வழிக்காவல் போலீஸ் வேண்டும். அது உள்ளூர்ச் சிறைக்கே சரியாகக் கிடைப்பதில்லை. வீட்டார் கைவிட்ட ஒருவருக்கு மனு பார்க்க, அதாவது சிறையில் சந்திக்க, வருவது பெரும்பாலும் ஜமாத்தை (திருநங்கைகள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சமூக அமைப்பை) சேர்ந்த ஒரு மூத்த திருநங்கைதான். அவர் பஸ் பிடித்து ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் சில நிமிஷம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். அதே 2022 கணக்கில் நம் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விசாரணைக் கைதிகள், தண்டனை பெற்றவர்கள் அல்ல. பத்து நாளில் ஜாமீனில் போக வேண்டியவரை நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி வைத்தால், ஜாமீன் மனுவில் கையெழுத்து வாங்கவே ஒரு வாரம் போய்விடும்.

தனிச்சிறை வேண்டாம், ஒவ்வொரு சிறையிலும் ஒரு தனி வார்டு ஒதுக்கலாம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வார்டில் இருக்கப்போவது ஒரே ஒருவர். கதவைப் பூட்டினால் அதற்குப் பெயர் தனி வார்டு இல்லை, தனிமைச் சிறை. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனிதத் தொடர்பு இல்லாமல் வைப்பதைத் தனிமைச் சிறை என்றும், தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் அது கூடவே கூடாது என்றும் 2015-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மண்டேலா விதிகள் சொல்கின்றன. கொலைக் குற்றவாளியைக் கூட அதற்கு மேல் வைக்கக் கூடாத இடத்தில், செல்போன் திருடியதாகச் சந்தேகத்தில் பிடிபட்ட ஒருவரை "உன் பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லி மூன்று மாதம் வைத்துவிட முடியும். அதிகாரி கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் இதுதான் நடக்கும்.

தனிப் பிரிவு ஓரளவு நடைமுறையான இடமும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டச் சிறையில் 1985-ல் ஏற்பட்ட ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி, தன்பாலீர்ப்பு ஆண்களையும் திருநங்கைகளையும் மற்ற ஆண் கைதிகளிடமிருந்து பிரித்து வைக்கிறார்கள். கே6ஜி என்று அந்தப் பிரிவுக்குப் பெயர். அங்கே அது சாத்தியமானதற்குக் காரணம் எளிது: அமெரிக்காவிலேயே மிகப் பெரிய உள்ளூர்ச் சிறை அமைப்பு அது. ஒரு பிரிவு முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், பேச்சுத் துணை இருக்கிறது, வகுப்பு நடத்த முடிகிறது. நம் கிளைச் சிறையில் அதைக் காப்பியடித்தால் பூட்டிய அறைதான் மிஞ்சும்.

சரி, அப்படியானால் ஆண்கள் சிறையில் வைத்தால் என்ன ஆகும்? இதற்கு அமெரிக்கா ஒரு வழக்கிலேயே பதில் வைத்திருக்கிறது. ஃபார்மர் எதிர் பிரென்னன். கடன் அட்டை மோசடியில் தண்டனை பெற்ற டீ ஃபார்மர் என்ற திருநங்கையை 1989-ல் விஸ்கான்சினிலிருந்து இந்தியானாவின் டெர்ரே ஹோட் சிறைக்கு மாற்றினார்கள். கடும் குற்றவாளிகளை அடைக்கும் ஆண்கள் சிறை அது. பொதுப் பிரிவில் விட்டு இரண்டு வாரத்துக்குள், கத்தி முனையில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக அவர் சொன்னார். வக்கீல் இல்லாமல் தானே மனு எழுதிப் போட்டார். 1994 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: கைதிக்குப் பெரிய ஆபத்து இருப்பது தெரிந்தும் அதிகாரி கண்டுகொள்ளாமல் இருந்தால், அது அரசமைப்பு தடை செய்யும் கொடூரத் தண்டனை.

இந்தத் தீர்ப்பைப் புகழ்பவர்கள் பலரும் 'தெரிந்தும்' என்ற சொல்லைக் கவனிப்பதில்லை. "ஆபத்து இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை" என்று ஒரு அதிகாரி சொல்லி, அது நம்பும்படியும் இருந்தால் அவர் தப்பலாம். ஆக, விவரத்தைக் கேட்காமலும் எழுதி வைக்காமலும் இருப்பது அதிகாரிக்கு லாபம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் பிறகு எழுத்துபூர்வமான விதிகள் தேவைப்பட்டன. சிறைப் பாலியல் வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2003-ல் வந்தது. அதன் கீழான விதிகள் 2012-ல் வந்தன. அந்த விதிகளின்படி எந்தச் சிறை என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். தன் பாதுகாப்பு பற்றி அந்தக் கைதி சொல்வதைத் தீவிரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது முடிவை மறுபடி பார்க்க வேண்டும். குளிக்கத் தனி நேரம் தர வேண்டும். பிறப்புறுப்பு எது என்று பார்ப்பதற்காக மட்டுமே உடையைக் களையச் சொல்லக் கூடாது.

நல்ல விதிகள்தான். நடந்தது என்ன என்பதற்கு இரண்டு எண்கள் போதும். அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் அலுவலகம் 2011-12-ல் எடுத்த கணக்கெடுப்பில், முந்தைய ஓராண்டுக்குள் பாலியல் தாக்குதலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் மொத்தச் சிறைக் கைதிகளில் நூற்றுக்கு நான்கு பேர். திருநர் கைதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இன்னொன்று: 2025 ஜனவரியில் புதிய அதிபர் பதவியேற்ற அன்றே, பெண்கள் சிறையில் இருக்கும் திருநங்கைகளை ஆண்கள் சிறைக்கு மாற்றச் சொல்லி ஆணை போட்டார். அது நீதிமன்றத்துக்குப் போனபோது அரசே சொன்ன கணக்கு, கூட்டாட்சிச் சிறைகளில் திருநங்கைகள் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு பேர், அவர்களில் பெண்கள் சிறையில் இருந்தவர்கள் 16 பேர். "ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவு" என்று பத்து வருஷத்துக்கு மேல் விதி இருந்தும் வந்து சேர்ந்தது அவ்வளவுதான். தேர்தல் மேடையில் அது நாட்டையே புரட்டிப்போட்ட விவகாரமாகப் பேசப்பட்டது வேறு கதை. அந்த மாற்றத்தை வாஷிங்டனில் ஒரு நீதிபதி சில நாட்களிலேயே தடுத்து நிறுத்தினார். ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்டவர் அவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கட்சி விவகாரமாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது இடிக்கும்.

இனி நீங்கள் படித்த இங்கிலாந்துச் செய்தி. அதைப் பாதியில் தொடங்கிச் சொல்வதுதான் வழக்கம். முழுக்கச் சொல்கிறேன்.

2015 நவம்பரில், இரண்டு வார இடைவெளியில், இங்கிலாந்தின் ஆண்கள் சிறைகளில் இரண்டு திருநங்கைகள் இறந்து கிடந்தார்கள். ஒருவர் லீட்ஸில், மற்றவர் உட்ஹில்லில். அதுவரை அங்கே சட்டப்படி பாலின அங்கீகாரச் சான்று வைத்திருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழில் இருப்பதுதான் பொது வழக்கம். இரண்டு மரணங்களுக்குப் பிறகு கொள்கையை ஆய்வு செய்து 2016 கடைசியில் புதிதாக ஒன்றை வெளியிட்டார்கள். கைதி தன்னை என்னவாகச் சொல்கிறாரோ அதை மதிக்க வேண்டும். ஒரு குழு கூடி அவருடைய பின்னணியையும் அவரால் மற்றவருக்கு உள்ள ஆபத்தையும் பார்த்து இடத்தை முடிவு செய்ய வேண்டும். காகிதத்தில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

2017 செப்டம்பரில் வேக்ஃபீல்டு பக்கத்தில் உள்ள நியூ ஹால் பெண்கள் சிறைக்கு ஒருவர் விசாரணைக் கைதியாக வந்தார். அவர் ஏற்கெனவே பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர். அங்கே இரண்டு பெண்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார். பிறகு அவர்மேல் இருந்த பழைய வன்கொடுமை வழக்குகளும் சேர்ந்து 2018 அக்டோபரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சிறை நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்போடு அவர்கள் சொன்ன காரணம்தான் முக்கியம்: அந்தக் கைதியின் பழைய குற்ற வரலாறு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். பெண்களிடம் பாலியல் குற்றம் செய்த வரலாறு உள்ள ஒருவரைப் பெண்கள் நடுவே விடக் கூடாது என்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இருந்த விதியே அதைத்தான் சொன்னது. கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் போதும். டெர்ரே ஹோட்டிலும் அதே கதைதான். ஒரு திருநங்கையைக் கடும் குற்றவாளிகள் நடுவே விட்டால் என்ன ஆகும் என்று மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் யாரும் நின்று யோசிக்கவில்லை. ஒன்றில் பாதிக்கப்பட்டது திருநங்கை, மற்றதில் பாதிக்கப்பட்டது சிறையில் இருந்த பெண்கள். கோளாறு இரண்டிலும் ஒரே மேஜையில் நடந்தது.

அதற்குப் பிறகு அங்கே விதிகள் ஊசலாட ஆரம்பித்தன. 2019-ல் கொள்கையை இறுக்கினார்கள். லண்டனுக்குத் தெற்கே டவுன்வியூ பெண்கள் சிறை வளாகத்திலேயே, மற்றவர்களிடமிருந்து பிரித்து, திருநங்கைகளுக்கென ஒரு பகுதியைத் திறந்தார்கள். சிறையில் ஒரு திருநங்கைக் கைதியால் தாக்கப்பட்டதாகச் சொன்ன ஒரு பெண் கைதி இந்தக் கொள்கையையே எதிர்த்து வழக்குப் போட்டார். 2021 ஜூலையில் உயர் நீதிமன்றம் கொள்கை செல்லும் என்றது. ஆனால் பெண் கைதிகளின் பயத்தைத் தள்ளிவிடவில்லை. அந்த வழக்கில் வந்த ஒரு கணக்கை இரண்டு தரப்பும் இன்றுவரை மேற்கோள் காட்டுகின்றன: 2016-லிருந்து 2019 வரை பெண்கள் சிறைகளில் பதிவான பாலியல் தாக்குதல்கள் 97, அவற்றில் 7, பாலின அங்கீகாரச் சான்று இல்லாத திருநங்கைக் கைதிகள் சம்பந்தப்பட்டவை. "97-ல் 90 வேறு யாரோ செய்தவை, அதைப் பற்றி ஏன் பேசுவதில்லை" என்பார் ஒருவர். "விரல் விட்டு எண்ணும் அளவில் இருந்தவர்கள் 7-க்குக் காரணம் என்றால் அது அதிகம்தானே" என்பார் மற்றவர். இரண்டு பேர் சொல்வதிலும் கணக்குத் தப்பில்லை. இவ்வளவு சின்ன எண்ணை வைத்துக்கொண்டு ஒரு வகையினர் முழுவதையும் பற்றித் தீர்ப்புச் சொல்வதுதான் தப்பு.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். திருநர் உரிமைக்காகப் பேசுகிற என் நண்பர்கள் சிலர் பெண் கைதிகளின் பயத்தை வெறும் வெறுப்பு என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெண்கள் சிறையில் இருப்பவர்களில் நிறையப் பேர் வீட்டிலேயே அடியும் வன்முறையும் அனுபவித்துவிட்டு வந்தவர்கள். ராத்திரி ஒரே அறையில் யாரோடு படுக்க வைக்கிறார்கள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஆளைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

2023 ஜனவரியில் ஸ்காட்லாந்தில் அடுத்தது வெடித்தது. இரண்டு பெண்களை வன்கொடுமை செய்ததாகத் தண்டிக்கப்பட்ட ஒருவர், வழக்கு நடக்கும்போது தன்னைத் திருநங்கை என்று அறிவித்திருந்தார். அவரைக் கார்ன்டன் வேல் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். மற்ற பெண்களோடு சேர்க்காமல் தனியாகத்தான் வைத்திருந்தார்கள். நாடே கொதித்தது. சில நாட்களில் ஆண்கள் சிறைக்கு மாற்றினார்கள். அடுத்த மாதமே இங்கிலாந்து தன் விதியை மாற்றியது: ஆண் பிறப்புறுப்பு உள்ளவர்களும், பாலியல் குற்றமோ வன்முறைக் குற்றமோ செய்தவர்களும், அமைச்சர் அளவில் விதிவிலக்கு கொடுத்தால் ஒழியப் பெண்கள் சிறைக்குப் போக முடியாது. குற்ற வரலாற்றைப் பார்ப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கடையில் திருடியதற்காக வந்த ஒரு திருநங்கைக்கு, அறுவைச் சிகிச்சை நடந்ததா இல்லையா என்பதை வைத்து இடம் ஒதுக்குவது மறுபடியும் கோப்பைத் திறக்காமல் முடிவெடுப்பதற்கான இன்னொரு வழி. இது எத்தனை பேரைப் பற்றிய விவகாரம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 2024 மார்ச் கணக்கில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 295 திருநர் கைதிகள். பெரும்பாலோர் ஆண்கள் சிறைகளில்.

இப்போது நம் ஊர்.

நம் சிறைகள் பெரும்பாலும் 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் அச்சில் வார்க்கப்பட்டவை. அதன் 27-வது பிரிவு, பெண் கைதிகளைத் தனிக் கட்டடத்திலோ தனிப் பகுதியிலோ வைக்க வேண்டும், ஆண் கைதிகளைப் பார்க்கவோ பேசவோ முடியாதபடி இருக்க வேண்டும் என்கிறது. ஆண், பெண், அவ்வளவுதான். மூன்றாவது ஒரு ஆள் இருப்பது அந்த ஆங்கிலேய ஆட்சிக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அவர்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி, பெண் உடையில் தெருவில் வந்தால் இரண்டு வருஷம்வரை சிறை என்று வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைப்படுத்தியவர்கள்தான் அவர்கள். சிறைக்கு அனுப்பும்போது தெரிந்தவர்கள், சிறைக்குள் எங்கே வைப்பது என்று எழுதும்போது மறந்துவிட்டார்கள்.

2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை அங்கீகரித்தது. அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக வைப்பது சட்டவிரோதம் என்றும் சொன்னது. 2019-ல் திருநர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சிறையில் இடம் ஒதுக்குவதற்கென்று அதில் தனி விதி எதுவும் வைக்கவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்ப 2022 ஜனவரி 10-ல் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு அறிவுரைக் கடிதம் அனுப்பியது. இந்த விஷயத்தில் நம்மிடம் இருக்கும் உருப்படியான ஆவணம் அதுதான்.

திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் தனித்தனி இடம் இருக்கலாம். ஆனால் அது அவர்களை முழுக்கத் தனிமைப்படுத்துவதாகவோ இழிவுபடுத்துவதாகவோ ஆகிவிடக் கூடாது என்கிறது அது. கழிப்பறை, குளியலறையில் மறைவு வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் மூன்றாவது கட்டம் வேண்டும். சோதனையை அவர் விரும்பும் பாலினத்தவரோ பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரோ செய்ய வேண்டும். சோதனை என்பது தடை செய்யப்பட்ட பொருளைத் தேடுவதற்கு, அவர் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பதற்கு அல்ல. வாரண்டில் எழுதியிருக்கும் பாலினம் வேறாக இருந்தால் அதைத் திருத்தச் சொல்லிச் சிறைக் கண்காணிப்பாளர் நீதிமன்றத்தை அணுகலாம்.

எழுதியவருக்குச் சிறை தெரிந்திருக்கிறது. குறிப்பாகச் சோதனை பற்றிய வரி. எந்தச் சிறை என்று வெளியே விவாதம் நடக்கிறது. உள்ளே போன ஒருவரிடம் கேட்டால் அவர் முதலில் சொல்வது கேட் சோதனையைத்தான். எல்லோர் முன்னாலும் உடையைக் கழற்றச் சொன்னது, சிரித்தது, வேடிக்கை பார்க்க இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டது. அப்புறம் முடி வெட்டுவது. நீளமாக வளர்த்த முடியை வெட்டிவிட்டு உள்ளே அனுப்பினால், அவரைச் சிறைக்குள் யார் எப்படி நடத்தலாம் என்று நிர்வாகமே அறிவிப்புக் கொடுத்தது போல. ஹார்மோன் மாத்திரை நின்றுபோவது அடுத்தது. இதெல்லாம் சரியாக இல்லாவிட்டால் எந்தச் சிறையில் வைத்தும் பயனில்லை.

ஆனால் சிறை என்பது அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். அறிவுரைக் கடிதம் அறிவுரைதான். 2023-ல் மத்திய அரசு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டத்துக்கும் அதே நிலை. மாநிலம் தன் கையேட்டில் ஏற்றினால்தான் வார்டர் கையில் அது விதியாகும்.

தமிழ்நாட்டுக்கு இதில் கொஞ்சம் முன்கதை உண்டு. 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், சென்னையில் போலீஸ் விசாரணைக்கு அழைத்துப் போகப்பட்ட ஒரு திருநங்கை, அங்கே நடந்த கொடுமைக்குப் பிறகு தீக்குளித்து இறந்தார். 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2021 ஜூன் 7-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவில், திருநர் கைதிகளைத் திருநர் அல்லாத ஆண் கைதிகளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும், பாலியல் தாக்குதலுக்கு வாய்ப்பே இருக்கக் கூடாது என்று சிறைத்துறைக்கு ஒரு வரி இருக்கிறது. கவனியுங்கள், யாரிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று சொல்கிறது. பெண்கள் சிறையில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியைச் சிறை நிர்வாகம் நிரப்ப வேண்டும்.

"பாதுகாப்புக்காகப் பிரித்து வைக்கிறோம்" என்ற வாதம் நமக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதி வாரியாகப் பிரித்து அடைத்ததை நியாயப்படுத்தியபோதும் இதைத்தான் சொன்னார்கள். ஒன்றாக வைத்தால் மோதல் வரும் என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு கட்டத்தில் அதை ஏற்றது. 2024 அக்டோபரில் சிறைச் சாதிப் பாகுபாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் வேலை, அதற்குக் குறுக்கு வழியாக மனிதரைப் பிறப்பால் பிரிக்கக் கூடாது என்ற ரீதியில் போனது தீர்ப்பு. திருநங்கை விஷயம் முழுக்க அது போன்றதல்ல என்பது எனக்குத் தெரியும். இங்கே பிரிப்பது சில நேரம் உயிரைக் காக்கும், அவரே கேட்பார். அதனால்தான் யார் கேட்டுப் பிரித்தார்கள் என்பது முக்கியமாகிறது. அவர் கேட்டுப் பிரித்தால் பாதுகாப்பு. கேட்காமல் பிரித்தால் அதைக் காரணத்தோடு எழுதி, நாள் குறித்து, மறுபடி பார்க்க வேண்டும். அமெரிக்க விதியில் விருப்பமில்லாமல் பிரித்து வைப்பதற்குச் சாதாரணமாக 30 நாள்தான் எல்லை. நம் கையேடுகளில் அப்படி ஒரு எண்ணைச் சேர்ப்பதற்குக் கட்டடமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

திருநம்பிகளைப் பற்றி யாருமே கேட்பதில்லை. அவர்கள் பெரும்பாலும் பெண்கள் சிறைகளில் இருக்கிறார்கள். ஆண்கள் சிறைக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கே தெரியும் என்பதால் அநேகமாக மாறுதல் கேட்பதும் இல்லை. 'சொல்லும் பாலினப்படி வை' என்று ஒரே வரியில் விதி எழுதினால் முதலில் ஆபத்தில் மாட்டுவது அவர்கள்தான். 'உடம்பைப் பார்த்து வை' என்ற விதி திருநங்கைகளை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை டெர்ரே ஹோட்டில் பார்த்தோம்.

ஆகவே எது சரி என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலான திருநங்கைகளுக்கு ஆண்கள் பொதுப் பிரிவு எந்த நிலையிலும் சரியான இடம் அல்ல. பெண்களிடம் வன்முறைக் குற்றம் செய்த வரலாறு இல்லாதவர், பெண்கள் சிறையில் இருக்க விரும்புபவர், அங்கே போகலாம். படுக்கும் இடமும் குளிக்கும் நேரமும் தனியாக, வேலையும் சாப்பாடும் மற்றவர்களோடு. அப்படிப்பட்ட வரலாறு உள்ளவர் அங்கே போகக் கூடாது. அதற்காக அவரை ஆண்கள் நடுவே இரையாக விடவும் கூடாது. முடிவைச் சிறைக்குள் ஒருவர் மட்டும் எடுக்காமல், மருத்துவரும் சட்ட உதவி ஆணைக்குழுவிலிருந்து ஒருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும். 97 பேருக்கு இப்படித் தனித்தனியாக உட்கார்ந்து யோசிப்பது ஒரு நாட்டுக்குப் பெரிய வேலை அல்ல. எண்ணிக்கை குறைவாக இருப்பதை எதுவும் செய்யாமல் இருப்பதற்குச் சாக்காகச் சொல்கிறார்கள்; எனக்கு அது தனித்தனியாகக் கவனிப்பதற்குக் கிடைத்த வசதியாகத் தெரிகிறது.

தெரிந்த யாராவது கைதானால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது நீங்கள் கேட்காதது. எல்லாம் முதல் நாள் சாயங்காலம் ரிமாண்டில் முடிவாகிறது. நீதித்துறை நடுவர் முன் நிறுத்தும்போது அவர் திருநங்கை அல்லது திருநம்பி என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாரண்டிலேயே அதைக் குறிக்கச் சொல்ல வேண்டும். எங்கே வைத்தால் தனக்கு ஆபத்து என்பதையும் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மருந்துச் சீட்டின் நகலைக் கூடவே கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லை என்றால் கவலை வேண்டாம், காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். அன்றைக்கு விட்டுப்போனால் மறுநாளே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமாக வாரண்டைத் திருத்த மனுப் போடலாம், கண்காணிப்பாளருக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க மறக்காதீர்கள். பிறகு "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.